மாரடைப்பு எப்படி வருகிறது?

உங்கள் கையை மூடிப் பிடியுங்கள். உங்கள் இதயம் ஏறக்குறைய அந்த அளவுதான். எடை கால் கிலோவுக்குக் கொஞ்சம் மேலே. அது ஒரு நாளைக்குச் சுமார் 1 லட்சம் முறை துடிக்கிறது. நாம் தூங்கும்போதும் துடிக்கிறது. அதற்கு ஞாயிற்றுக்கிழமை கிடையாது.

இப்படி உழைக்கும் தசைக்குச் சத்தும் பிராணவாயுவும் வேண்டும். இதயத்தின் உள்ளேதான் ரத்தம் நிறைந்திருக்கிறதே, அது போதாதா என்று கேட்கலாம். போதாது. ஊருக்கே சமைக்கிறவருக்கும் தனியாக ஓர் இலை போட்டுத்தான் பரிமாற வேண்டும். இதயத்தின் வெளிப்பக்கத்தில் ஓடும் ரத்தக் குழாய்கள் அந்த வேலையைச் செய்கின்றன. இவற்றுக்குக் கரோனரி தமனிகள் என்று பெயர். வலப்பக்கம் ஒன்று, இடப்பக்கம் ஒன்று. இடப்பக்கக் குழாய் சிறிது தூரத்திலேயே இரண்டாகப் பிரிகிறது. அதனால்தான் டாக்டர்கள் "மூன்று குழாய்" என்று பேசுகிறார்கள். குழாயின் அகலம் 3 முதல் 4 மில்லி மீட்டர். பால்பாயிண்ட் பேனாவின் ரீஃபில் இருக்கிறதே, ஏறக்குறைய அந்தப் பருமன்.

இந்தக் குழாய் குறுகுவது எப்படி? ரத்தத்தில் உள்ள கொழுப்பு குழாயின் சுவருக்குள் புகுந்து தங்குகிறது. இது ஒரு நாளில் நடப்பதல்ல. பல வருடங்கள் ஆகும். பீடி, சிகரெட், புகையிலை, ரத்தக் கொதிப்பு, சர்க்கரை நோய் ஆகியவை இதை விரைவுபடுத்தும். குடும்பத்தில் இளம் வயதிலேயே யாருக்காவது மாரடைப்பு வந்திருந்தாலும் கவனமாக இருக்க வேண்டும்.

குழாய் முக்கால் பங்கு அளவுக்குக் குறுகிவிட்டால் என்ன ஆகும்? உட்கார்ந்திருக்கும்போது ஒன்றும் தெரியாது. மாடிப்படி ஏறினால், மூட்டை தூக்கினால், வேகமாக நடந்தால் நெஞ்சு இறுக்கும். நின்றால் சில நிமிடங்களில் விட்டுவிடும். இது இதயம் கொடுக்கும் எச்சரிக்கை. இப்படி இருந்தால் டாக்டரிடம் போக வேண்டும்.

ஆனால் எல்லோருக்கும் இந்த எச்சரிக்கை கிடைப்பதில்லை. நேற்று வரை நன்றாக இருந்தவர் இன்று நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்கிறார். "போன மாதம்தான் எல்லாம் சோதித்துப் பார்த்தார்கள், ஒன்றும் இல்லை என்றார்களே" என்று வீட்டார் அழுகிறார்கள். டாக்டர் ஏமாற்றிவிட்டார் என்று சண்டைக்கும் போகிறார்கள்.

நான் பெங்களூரில் இருக்கிறேன். 2021 அக்டோபர் 29 அன்று கன்னடத் திரைப்பட நடிகர் புனீத் ராஜ்குமார் திடீரென்று இறந்தார். வயது 46. உடற்பயிற்சி செய்து உடம்பைப் பேணியவர். அதன்பிறகு பல நாட்களுக்கு இங்குள்ள இதய மருத்துவமனையில் பரிசோதனைக்குக் கூட்டம் நெரிந்தது. தனக்கும் அடைப்பு இருக்குமோ, இருந்தால் எத்தனை சதவீதம் என்று ஆளுக்கு ஆள் பயம். அந்தப் பயம் நியாயமானதுதான். ஆனால் சதவீதம் மட்டும் முழுக் கதையையும் சொல்லாது.

இதயக் குழாயைத் தண்ணீர்க் குழாய்க்கு ஒப்பிடுவது வழக்கம். பாசி படிந்து படிந்து, கடைசியில் ஒரு நாள் தண்ணீர் நின்றுபோகும் என்பார்கள். இது பாதிதான் சரி. தண்ணீர்க் குழாய் இரும்பு. ரத்தக் குழாய் உயிருள்ளது. கொழுப்பு சேரும்போது அதன் சுவர் முதலில் வெளிப்பக்கமாகப் புடைத்து இடம் கொடுக்கிறது. உள்ளே ரத்தம் போகும் வழி அப்படியே இருக்கிறது. ஆஞ்சியோகிராம் படத்தில் தெரிவது ரத்தம் போகும் வழி மட்டுமே. சுவருக்குள் இருக்கும் கொழுப்பு அதில் சரியாகத் தெரியாது.

அந்தக் கொழுப்புத் திட்டை ஒரு சீழ்க்கட்டி போல நினைத்துக்கொள்ளுங்கள். உள்ளே கூழ் போன்ற கொழுப்பு. மேலே மெல்லிய தோல் போன்ற மூடி. ஒரு நாள் அந்த மூடி கிழிகிறது. உள்ளே இருப்பது ரத்தத்தில் படுகிறது. உடனே ரத்தம் அந்த இடத்தில் உறைகிறது.

அரிவாள்மனையில் விரல் வெட்டிக்கொண்டால் ரத்தம் உறைந்து காயத்தை மூடுகிறது அல்லவா? அதே வேலைதான் இங்கேயும் நடக்கிறது. விரலில் அது நம்மைக் காப்பாற்றுகிறது. ரீஃபில் பருமனுள்ள குழாய்க்குள் உறைந்தால் வழியே அடைபட்டுவிடுகிறது. அதற்கு அப்பால் உள்ள இதயத் தசைக்கு ரத்தம் போகாது. தசை சாகத் தொடங்கும். பெரும்பாலான மாரடைப்புகள் இப்படித்தான் வருகின்றன.

1912இல் அமெரிக்க டாக்டர் ஜேம்ஸ் ஹெரிக் உறைந்த ரத்தம்தான் குழாயை அடைக்கிறது என்று எழுதினார். அது பல காலம் சந்தேகமாகவே இருந்தது. 1980இல் வேறு டாக்டர்கள், மாரடைப்பு வந்து சில மணி நேரத்துக்குள் வந்தவர்களுக்குப் படம் எடுத்துப் பார்த்தார்கள். பெரும்பாலோருக்குக் குழாய் முழுதாக அடைத்திருந்தது. 1988இல் இன்னொரு சங்கதி தெரிந்தது. மாரடைப்பு வந்த சிலருக்கு அதற்கு முன்பே எடுத்த பழைய ஆஞ்சியோகிராம் இருந்தது. பிறகு அடைத்துக்கொண்ட அதே இடத்தைப் பழைய படத்தில் தேடினார்கள். பலருக்கு அந்த இடம் பாதி கூடக் குறுகியிருக்கவில்லை.

அப்படியானால் 80 சதவீத அடைப்பு ஆபத்து இல்லையா? ஆபத்துதான். தனித்தனியாகப் பார்த்தால் அதுதான் அதிக ஆபத்து. ஆனால் ஒரு தெருவில் பெரிய பள்ளம் ஒன்று இருந்தால் சின்னக் குழிகள் ஐம்பது இருக்கும். பள்ளத்தை எல்லோரும் பார்த்து ஒதுங்குகிறோம். இரவில் கால் இடறுவது குழியில்.

இதைத் தெரிந்துகொள்வதில் பணமும் இருக்கிறது. பெரிய அடைப்பில் ஸ்டென்ட் என்ற கம்பிச் சுருளை வைத்து வழியை அகலப்படுத்துகிறார்கள். மாரடைப்பு வந்த நேரத்தில் செய்தால் அது உயிரைக் காக்கும். சந்தேகமே இல்லை. ஆனால் மாரடைப்பு வராதவருக்கு, நடந்தால் மட்டும் வலிக்கிறவருக்கு? இந்தியா உட்பட 37 நாடுகளில் 5,179 பேரிடம் ஓர் ஆராய்ச்சி நடந்தது. 2019இல் முடிவு வெளியானது. நல்ல மருந்து மட்டும் சாப்பிட்டவர்களுக்கும், மருந்தோடு ஸ்டென்டோ பைபாஸ் ஆபரேஷனோ செய்துகொண்டவர்களுக்கும் சாவு எண்ணிக்கையில் வித்தியாசம் இல்லை. வலி குறைய ஸ்டென்ட் உதவியது. எல்லோருக்கும் இது பொருந்தாது. இடப்பக்கத் தாய்க்குழாயில் அடைப்பு உள்ளவர்களும், இதயம் மிகவும் பலவீனமானவர்களும் அந்த ஆராய்ச்சியில் சேர்க்கப்படவில்லை. வலி நாளுக்கு நாள் கூடினாலும், சும்மா இருக்கும்போதே வந்தாலும் காத்திருக்கக் கூடாது. மற்றபடி, "இன்றைக்கே செய்ய வேண்டுமா, மருந்தில் பார்க்கலாமா?" என்று டாக்டரிடம் தைரியமாகக் கேட்கலாம். கேட்காமலே தாலியை அடகு வைத்தவர்கள் இருக்கிறார்கள்.

ஸ்டென்ட் ஓர் இடத்தைத்தான் சரிசெய்யும். கொழுப்பு மூன்று குழாயிலும் அங்கங்கே இருக்கும். அங்கெல்லாம் போய் வேலை செய்வது மாத்திரைதான். ஸ்டாட்டின் வகை மாத்திரை கொழுப்பைக் குறைத்து, அந்த மெல்லிய மூடியைக் கெட்டிப்படுத்துகிறது. "இப்போது நன்றாக இருக்கிறேன்" என்று அதை நிறுத்துவதுதான் மிகப் பெரிய தவறு. பீடியை விட்டால் பலன் சீக்கிரமே தெரியும். ரத்தம் வேண்டாத இடத்தில் உறைவது குறையும்.

மாரடைப்பு வந்தால் எப்படித் தெரியும்? நெஞ்சின் நடுவில் பாரம் வைத்தாற்போல அழுத்தும். இடது கை, தோள், தாடை, முதுகு என்று பரவும். குளிர்ந்த வியர்வை கொட்டும். வாந்தி வரும், மூச்சு வாங்கும். சர்க்கரை நோயாளிகளுக்கும் வயதானவர்களுக்கும் வலியே இல்லாமல் மூச்சுத்திணறலும் களைப்பும் மட்டும் வரலாம். பெண்களுக்கும் அப்படி வரலாம். அவர்கள் "ஒன்றுமில்லை" என்று அடுப்படிக்குப் போய்விடுவார்கள். நாம் விடக் கூடாது.

நம் ஆட்கள் முதலில் சொல்வது "கேஸ்" என்றுதான். சோடா வாங்கி வரச் சொல்வார்கள். ஓமத் தண்ணீர், இஞ்சிச் சாறு, கொஞ்சம் படுத்துப் பார்ப்பது என்று நேரம் போகும். தைலம் தேய்ப்பதற்குள் தசையில் ஒரு பகுதி செத்திருக்கும். செத்த தசை திரும்பி வராது.

ஆகவே 108ஐ அழையுங்கள். நோயாளியை நடக்க விடாதீர்கள். ஆஸ்பிரின் ஒத்துக்கொள்ளாதவர்களும் வயிற்றில் ரத்தக்கசிவு உள்ளவர்களும் தவிர மற்றவர்கள், 108இலோ டாக்டரோ சொன்னால், 300 மில்லி கிராம் அளவில் ஆஸ்பிரினை மென்று விழுங்கலாம். மருத்துவமனையில் உடனே ஈசிஜி எடுக்கச் சொல்லுங்கள். முதல் ஈசிஜி சரியாக இருந்தும் வலி நிற்கவில்லை என்றால் மறுபடி எடுக்க வேண்டும். ரத்தப் பரிசோதனையும் உண்டு. உறைந்த ரத்தத்தைக் கரைக்கும் ஊசியை 12 மணி நேரத்துக்குள் போடுவார்கள். முதல் மூன்று மணி நேரத்துக்குள் போட்டால் நல்ல பலன். 1988இல் 17,187 பேரிடம் நடந்த ஆராய்ச்சியில், ஊசியும் ஆஸ்பிரினும் பெறாதவர்களில் 100க்கு 13 பேர் ஐந்து வாரத்துக்குள் இறந்தார்கள். இரண்டும் பெற்றவர்களில் 8 பேர்.

நம் நாட்டில் 89 மருத்துவமனைகளில் இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட இதய நோயாளிகளைக் கவனித்து 2008இல் ஒரு கணக்கு வெளியிட்டார்கள். கடுமையான மாரடைப்பு வந்தவர்களில் பாதிப் பேர் மருத்துவமனை வாசலை மிதிக்க 6 மணி நேரமோ அதற்கு மேலோ ஆகியிருந்தது. ஒரு மாதத்துக்குள் இறந்தவர்கள் வசதி உள்ளவர்களில் 100க்கு 5 அல்லது 6 பேர், ஏழைகளில் 8 பேர். கிடைத்த சிகிச்சையைச் சமமாக்கிக் கணக்குப் போட்டபோது அந்த வித்தியாசம் மறைந்துவிட்டது. ஏழைக்குத் தனி இதயம் இல்லை. ஊசியும் மருந்தும்தான் அவருக்குக் குறைவாகக் கிடைத்தன.

எங்கள் மையத்தில் கரும்பலகைக்குப் பக்கத்தில் ஓர் அட்டை எழுதி மாட்டியிருக்கிறோம். எழுதியவர்கள் படிக்க வந்த அக்காமார்கள். அதில் மூன்று வரிகள்தான். 108. இரவிலும் ஈசிஜி எடுக்கும் மருத்துவமனையின் பெயர். உறைந்த ரத்தத்தைக் கரைக்கும் ஊசி அங்கே இருக்கிறதா இல்லையா. மூன்றாவது வரியை எழுத அவர்கள் இரண்டு முறை நேரில் போய்க் கேட்க வேண்டியிருந்தது.