இரண்டு மணிக்கு ஒரு தரம்

தலைப்பைப் பார்த்துவிட்டு பஸ் டைம் டேபிள் என்று நினைத்துவிடாதீர்கள். விழுப்புரம் - திண்டிவனம் பஸ் இரண்டு மணிக்கு ஒரு தரம்தான் என்றால், நம்மில் பாதிப் பேருக்கு அரியர்ஸ் வைக்க நல்ல காரணம் கிடைத்திருக்கும்! இது மூத்திரத்தைப் பற்றிய கட்டுரை. முதியோர் இல்லத்துத் தாத்தா, ஆயாக்களுக்கு அது அடங்காமல் போவதையும், அங்கே வேலை பார்ப்பவர்களுக்கு அதைச் சமாளிக்கக் கற்றுக்கொடுப்பதையும் பற்றியது. மூக்கைப் பொத்துகிறவர்களுக்கு மலரில் கவிதைப் பக்கம் தனியாக இருக்கிறது.

2023 பிப்ரவரியில் நம் மாவட்டத்தின் பெயர் எல்லா டி.வி.யிலும் அடிபட்டது. விக்கிரவாண்டி பக்கம் குண்டலப்புலியூரில் உரிமம் இல்லாமல் நடந்த ஓர் ஆசிரமத்திலிருந்து நூற்றுக்கும் மேற்பட்டவர்களை மீட்டார்கள். பலரை முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் சேர்த்தார்கள். அதற்குப் பிறகு இல்லம் என்றாலே "லைசென்ஸ் இருக்கா, கேமரா இருக்கா" என்றுதான் பேச்சு. கேட்க வேண்டியதுதான். ஆனால் ராத்திரி இரண்டு மணிக்கு ஓர் ஆயாவைக் கைபிடித்துக் கூட்டிப்போக ஆள் இருக்கா, அந்த ஆளுக்கு யாராவது சொல்லிக்கொடுத்தார்களா என்று கேட்டதாக நான் கேள்விப்படவில்லை.

நாட்டு நலப்பணித் திட்டத்தில் நாங்கள் சிலர், இரண்டு ஊருக்கும் நடுவிலுள்ள ஓர் இல்லத்துக்கு வாராவாரம் போய்வந்தோம். 25 பேர் இருக்கிற இடம். பகலில் மூன்று அக்காக்கள், ராத்திரி ஒருவர். (நம்ம பக்கம் பாட்டியும் ஆயா, பார்த்துக்கொள்கிறவரும் ஆயா. குழப்பம் வேண்டாமென்று வேலை பார்ப்பவரை அக்கா என்றே எழுதுகிறேன்.) அவர்களைக் கேட்டால், "வயசானா அப்படித்தான் தம்பி, என்ன பண்றது?" என்பார்கள். சோம்பேறித்தனமில்லை; அப்படித்தான் அவர்களுக்குத் தெரியும். பயிற்சி என்று ஒன்று கொடுத்தால் முதலில் உடைக்க வேண்டியது இந்த வாக்கியத்தைத்தான்.

மூத்திரப்பையை ஒரு ரப்பர் டேங்க் என்று வைத்துக்கொள்ளுங்கள். சிறுநீரகங்கள் ஒரு நாளைக்குச் சுமார் ஒன்றரை லிட்டர் அனுப்பும். 150, 200 மில்லி சேர்ந்ததும் முதல் சிக்னல். 400, 500 வரை தாங்கும். டேங்கின் சுவரே தசை, அது சுருங்கினால் அதுவே பம்ப். கீழே வால்வு. வால்வு தளர்ந்தால் இருமும்போதும் தும்மும்போதும் சொட்டும். பிள்ளை பெற்ற பெண்களுக்கு இது அதிகம். டேங்க் நிறையும் முன்பே பம்ப் தானாக ஓடினால் அவசரம் அவசரமாக வரும், ஓடுவதற்குள் நனைந்துவிடும். ஆண்களுக்கு ப்ராஸ்டேட் வீங்கி வழியை அடைத்தால் ஓவர்ஃப்ளோ: வெளியே சொட்டுச் சொட்டாகப் போகும், உள்ளே அரை லிட்டர் தேங்கி நிற்கும். இதை டாக்டரிடம்தான் காட்ட வேண்டும், நம் வைத்தியம் உதவாது.

நாலாவது ரகம்தான் நமக்கு முக்கியம். டேங்க், பம்ப், வால்வு எல்லாம் ஓரளவு சரி. ஆள் போய்ச் சேர முடியவில்லை. முட்டி வலி, கண் மங்கல், கூப்பிட்டால் ஆள் வரவில்லை. அந்த இல்லத்தில் கடைசிக் கட்டிலிலிருந்து கக்கூஸ் வரை நானே டேப் பிடித்தேன்: 22 மீட்டர். வாக்கரோடு நடக்கும் ஓர் ஆயா வினாடிக்கு 30 சென்டிமீட்டர் போகிறார். 73 வினாடி ஆச்சு. கட்டிலிலிருந்து எழ, கதவு திறக்க, புடவையை ஒதுக்க இன்னொரு நிமிஷம். அவசர ரகக்காரருக்கு அவ்வளவு நேரம் ஏது? இதில் வயசு எங்கே வந்தது? கட்டடத்துக்குப் பிளான் போட்டவர் செய்த வேலை இது. (சிவில் பிரிவு நண்பர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம்.)

இதற்குமேல் சில்லறைக் காரணங்கள் உண்டு. மலச்சிக்கல் இருந்தால் குடல் பையை அழுத்தும். சர்க்கரை ஏறினால் மூத்திரம் அதிகமாகும். லேசிக்ஸ் மாதிரி நீர் பிரியும் மாத்திரை ஒரு மணி நேரத்துக்குள் வேலையை ஆரம்பித்துவிடும். அதைச் சாயங்காலம் கொடுத்தால் ராத்திரி பூரா கஷ்டம். மாத்திரையின் நேரத்தை மாற்றலாமா என்று டாக்டரிடம் கேட்க அக்காவுக்குத் தெரிந்திருந்தாலே பாதிப் படுக்கை நனையாது. இன்னொரு பழக்கம், நனைக்கிறார்கள் என்று பகல் முழுக்கத் தண்ணீரைக் குறைப்பது. படுக்கப்போகும் முன் கொஞ்சம் குறைக்கலாம். பகலில் குறைத்தால் மூத்திரம் கெட்டியாகிப் பையை எரிச்சல்படுத்தும், கிருமித் தொற்றும் சுலபமாக வரும். நம்ம ஊர் சித்திரை வெயிலில் மயக்கமே வந்துவிடும்.

டயப்பரும் டியூபும் இருக்கிறதே என்பீர்கள். டயப்பர் நேரத்துக்கு மாற்றாவிட்டால் தோல் புண்ணாகும். டியூப் என்பது 1930-களில் அமெரிக்க டாக்டர் ஃபிரெடரிக் ஃபோலி உருவாக்கிய, நுனியில் பலூன் உள்ள கதீட்டர். அதன் அளவு 'ஃபிரெஞ்ச்' கணக்கில் இருக்கும். மூன்றால் வகுத்தால் மில்லிமீட்டரில் வெளிவிட்டம். 16 நம்பர் டியூப் என்றால் 5.3 மில்லிமீட்டர். வழி அடைத்தவருக்கு அது உயிர் காக்கும். சும்மா வேலை மிச்சம் என்று போடக்கூடாது. உள்ளே இருக்கிற ஒவ்வொரு நாளும் மூத்திரத்தில் கிருமி சேர நூற்றுக்கு 3 முதல் 7 வாய்ப்பு, ஒரு மாதத்தில் ஏறக்குறைய எல்லோருக்கும் சேர்ந்துவிடும். போட்டேதான் ஆக வேண்டுமென்றால் பை எப்போதும் இடுப்புக்குக் கீழே தொங்க வேண்டும், தரையில் படக்கூடாது. பையைத் தூக்கிக் கட்டில்மேல் வைத்தால் கழிவு திரும்ப உள்ளே போகும். புவியீர்ப்பு விசை என்று சொன்னதும் அக்காக்கள் சிரித்தார்கள். வாளித் தண்ணீரும் ஓஸ் பைப்பும் வைத்துக் காட்டினதும் புரிந்துகொண்டார்கள்.

சரி, மாற்று என்ன? அமெரிக்க முதியோர் இல்லங்களில் 1980-களில் ஜான் ஷ்னெல் என்ற ஆய்வாளரும் அவர் குழுவினரும் ஒரு முறையைச் சோதித்தார்கள். பகலில் இரண்டு மணிக்கு ஒரு தரம் அவரிடம் போக வேண்டும். "ஆயா, ஈரமா இருக்கா, காஞ்சிருக்கா?" என்று கேட்டு, அவர் சொல்வது சரியா என்று பார்க்க வேண்டும். "ஒண்ணுக்குப் போயிட்டு வரலாமா?" என்று கேட்டு, சரி என்றால் கூட்டிப்போக வேண்டும். "வேணாம்மா" என்றால் இன்னும் ஓரிரு தரம் கேட்கலாம், வற்புறுத்தக்கூடாது. காய்ந்திருந்தால் பாராட்ட வேண்டும். திரும்ப எப்போது வருவேன் என்று சொல்லிவிட்டு வர வேண்டும். மூன்று நாள் இப்படிச் செய்து குறித்துப் பார்த்தாலே யாருக்குப் பலிக்கும் என்று தெரிந்துவிடும். எல்லோருக்கும் பலிக்காது; நூற்றுக்கு 25 முதல் 40 பேருக்கு நன்றாகவே பலிக்கிறது. மற்றவர்களுக்கு டயப்பர்தான், நேரத்துக்கு மாற்றினால் போதும். அக்காக்களின் நேரமும் வீணாகாது.

கேட்க இது சுலபம். ஆனால் அங்கே ஆய்வாளர்கள் கிளம்பிப் போனதும் ஊழியர்கள் பழையபடி ஆகிவிட்டார்கள்! இத்தனைக்கும் 1987-இல் வந்த அமெரிக்கச் சட்டப்படி உதவியாளர்களுக்குக் குறைந்தது 75 மணி நேரப் பயிற்சி கட்டாயம். அப்போது ஷ்னெல் கையில் எடுத்தது எது தெரியுமா? நாம் தூங்கிக்கொண்டே படித்த ஸ்டாட்டிஸ்டிகல் குவாலிட்டி கன்ட்ரோல்! 1924-இல் வால்டர் ஷூஹார்ட் தொழிற்சாலைக்காக வரைந்த அதே கன்ட்ரோல் சார்ட்.

நாங்கள் அதைச் சின்ன அளவில் போட்டுப் பார்த்தோம். முன்கூட்டிச் சொல்லாத நேரத்தில் ஒரு சுற்று வந்து, 25 பேரில் எத்தனை பேர் நனைந்திருக்கிறார்கள் என்று குறிப்பது. உதாரணத்துக்குச் சராசரி 5 பேர், அதாவது 0.2 என்று வையுங்கள். 0.2 பெருக்கல் 0.8, வகுத்தல் 25, வர்க்கமூலம் எடுத்தால் 0.08. அதைப்போல் மூன்று மடங்கு கூட்டினால் மேல் எல்லை 0.44, அதாவது 11 பேர். 7, 8 என்று வந்தால் அன்றைக்கு யாரையும் திட்டாதே, அது இயல்பான ஏற்ற இறக்கம். 12 வந்தால் ஏதோ நடந்திருக்கிறது, காரணத்தைத் தேடு. ஒரு நாள் வந்தது. விசாரித்தால், ஓர் அக்கா லீவு, இன்னொருவரைச் சமையலுக்கு அனுப்பிவிட்டார்கள்.

என் அபிப்பிராயத்தில் சார்ட்டால் கிடைத்த பெரிய லாபம் இதுதான். அதற்கு முன் நனைந்தால் திட்டு ஆயாவுக்கு, நாற்றம் அடித்தால் திட்டு அக்காவுக்கு. சுவரில் காகிதம் தொங்க ஆரம்பித்ததும் நிர்வாகியிடம் "மூணு பேர் வேணும் சார்" என்று கைகாட்டிப் பேச அவர்களுக்கு ஓர் ஆதாரம் கிடைத்தது. எழுதத் தெரியாத அக்காவுக்காகக் காய்ந்திருந்தால் நீலப் பொட்டு, நனைந்திருந்தால் சிவப்புப் பொட்டு என்று வைத்தோம். அவர் பொட்டுதான் ஒரு நாளும் விட்டுப்போகாதது.

ராத்திரிக்கு இந்த முறை சரிப்படவில்லை. ஒருவரே 25 பேரை எழுப்ப முடியாது, எழுப்பினால் தூக்கமும் கெடும். அதற்குக் கட்டில் பக்கத்தில் கம்மோடு நாற்காலி, ஆண்களுக்கு யூரின் பாட்டில், வழியில் ஒரு ஜீரோ வாட் பல்பு, தாத்தா வேட்டியில் இறுக்கின முடிச்சுக்குப் பதில் எலாஸ்டிக். கக்கூஸ் சுவரில் பிடித்து எழக் கைப்பிடி இன்னும் இல்லை. 32 முதல் 40 மில்லிமீட்டர் வெளிவிட்டத்தில் ஸ்டீல் பைப், சுவருக்கும் பைப்புக்கும் நடுவே விரல் நுழையும்படி 40 மில்லிமீட்டர் இடைவெளி, ஆள் முழு எடையும் தொங்கினாலும் பிடுங்காத ஆங்கர் போல்ட். வெல்டிங் ஷாப்பில் கை ஓடுகிறவர்கள், செமஸ்டர் லீவில் இரண்டு நாள் கொடுக்க முடிந்தால் என்னிடம் பெயர் கொடுங்கள். ஆறு கைப்பிடி வேண்டும்.