மேக்கில் விண்டோஸ்: துபாசியால் ஆகாத வேலை

செல்லிப்பட்டில் வீட்டிலிருந்தே நாலு பேருக்கு டேலியில் கணக்கு எழுதிப் பிழைக்கும் தங்கச்சி ஒருத்தி, புதுச்சேரியில் பழைய மேக்புக் வாங்கி வந்தாள். எம்1 சிப், 8 ஜிபி ராம். "இதுல விண்டோஸும் ஓடும்மா" என்று சொல்லித்தான் விற்றிருக்கிறார்கள். ஓடவும் செய்தது. ஒரு கம்பெனியின் ஜிஎஸ்டி தாக்கலுக்காக டிஜிட்டல் கையெழுத்து டோக்கனைச் செருகினோம். டோக்கனில் விளக்கு எரிந்தது. திரையில் டோக்கனே இல்லை என்று வந்தது.

2020 நவம்பரில் ஆப்பிள் இன்டெல்லை விட்டுத் தன் சொந்த ஆர்ம் வகை சிப் வைத்த மேக்குகளைக் கொண்டுவந்தது. நேரடியாக விண்டோஸ் ஏற்ற உதவிய பூட் கேம்ப் இவற்றில் கிடையாது. பேரலல்ஸ் போன்ற மென்பொருளுக்குள் ஓடுவது ஆர்ம் சிப்புக்கான விண்டோஸ் 11. இன்டெல்லுக்காக எழுதிய மென்பொருளை அது அவ்வப்போதே மொழிபெயர்த்து ஓட்டுகிறது. அந்தக் காலத்தில் புதுச்சேரி பிரெஞ்சு கவர்னர் துய்ப்ளேக்சுக்கு ஆனந்தரங்கப் பிள்ளை துபாசியாக, அதாவது மொழிபெயர்ப்பாளராக, இருந்தாரே, அந்த வேலைதான். ஆனால் டிரைவர்களை இந்தத் துபாசி மொழிபெயர்ப்பதில்லை. ஆர்முக்கென்று டிரைவர் எழுதப்படாத டோக்கன், டாங்கிள், பழைய பிரின்டர் எல்லாம் இங்கேதான் மாட்டிக்கொள்கின்றன. விண்டோஸ் 11 குறைந்தது 4 ஜிபி ராம் கேட்கும். மேக்குக்கு மிச்சம் பாதிதான்.

அதனால் வாங்கும் முன் உங்கள் மென்பொருளையும் டோக்கனையும் கையோடு கொண்டுபோய் அங்கேயே ஓட்டிப் பாருங்கள். விண்டோஸ், பேரலல்ஸ், டேலி மூன்றுக்கும் உரிமம் தனித்தனி. 'கிராக்' ஏற்றித் தருகிறேன் என்றால் கண்டிப்பாக வேண்டாம். தெரிந்தே திருட்டு மென்பொருளைப் பயன்படுத்தினால் பதிப்புரிமைச் சட்டம் 63பி பிரிவில் 7 நாள் முதல் 3 ஆண்டு வரை சிறை. தொழிலுக்கோ ஆதாயத்துக்கோ பயன்படுத்தாதவரை நீதிமன்றம் அபராதத்தோடு விடலாம். கணக்கு எழுதிக் காசு வாங்குகிறவருக்கு அந்தச் சலுகை இல்லை.

ஏமாந்தவர்கள் வாயை மூடிக்கொண்டு இருக்க வேண்டியதில்லை. இல்லாத பயனை உண்டென்று சொல்லி விற்பது 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நேர்மையற்ற வணிக நடைமுறை. 'தொழிலுக்கு வாங்கினது, கேஸ் செல்லாது' என்று கடையில் மிரட்டினால் நம்பாதீர்கள். சுயதொழில் செய்து பிழைக்க வாங்கியவரும் நுகர்வோரே. முதலில் 1915-க்குப் போன் செய்யுங்கள். தீராவிட்டால் புதுச்சேரி மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. கொடுத்த விலை 5 லட்சம் வரை என்றால் கட்டணமில்லை, வக்கீல் கட்டாயமில்லை, 2 ஆண்டுக்குள் போக வேண்டும்.

தங்கச்சியின் பில்லில் 'லேப்டாப் 1' என்பதைத் தவிர எதுவும் இல்லை. ஆனால் வாங்குவதற்கு முதல் நாள் கடைக்காரர் வாட்ஸ்அப்பில் அனுப்பிய குரல் பதிவு இருக்கிறது. "எல்லா விண்டோஸ் சாஃப்ட்வேரும் ஓடும், நான் கேரண்டி" என்கிறார். அதை அழிக்காதே என்று சொல்லியிருக்கிறேன்.