ஃபார்மட் அடிக்கும் முன்

"ஏனுங்க, அவுட்லுக் தொறக்கவே மாட்டேங்குதுங்க!" மதுக்கரை மார்க்கெட் ரோட்டு லாரி ஆபீஸிலிருந்து காலையில் இப்படி ஒரு போன் போனால், சர்வீஸ்காரர் பலரிடமிருந்தும் வருகிற பதில் ஒன்றுதான்: "ஃபார்மட் அடிச்சுரலாங்க." நோயைவிட இந்த வைத்தியம் ஆபத்தானது.

1934-ல் வந்த சிமென்ட் ஆலையை ஒட்டி வளர்ந்த ஊர் மதுக்கரை. லோடு, கொட்டேஷன், பாக்கி என்று பேச்செல்லாம் மெயிலில் கிடக்கும். பழைய பாப் முறையில் அமைத்த கணக்காக இருந்தால், சர்வரில் நகல் தங்காமல் மெயில்கள் கணினிக்கு இறங்கி, பிஎஸ்டி என்ற ஒரே கோப்பில் அடைந்திருக்கும். ஃபார்மட் அடித்தால் அத்தனையும் போச்சு. அதனால் வேறெதிலும் கை வைக்குமுன் அந்தக் கோப்பை ஒரு பென்டிரைவில் நகலெடுத்துவிட வேண்டும்.

பல நேரம் கோளாறு அற்பமானதுதான். நேற்று மூடிய அவுட்லுக் பின்னணியில் இன்னும் ஓடிக்கொண்டிருக்கும். டாஸ்க் மேனேஜரில் அதை நிறுத்தினால் போதும். இன்னொரு மெயில் நிரலான தண்டர்பேர்டு 'ஏற்கெனவே இயங்குகிறது' என்று அடம்பிடிப்பதும் பெரும்பாலும் இதே கதை.

அதிலும் சரியாகவில்லையா? கன்ட்ரோல் விசையை அழுத்திக்கொண்டே கிளாசிக் அவுட்லுக்கைத் திறந்தால், சேஃப் மோடில் திறக்கவா என்று கேட்கும். அதில் திறந்துவிட்டால் குற்றவாளி பெரும்பாலும் ஏதோ ஓர் ஆட்-இன். பிடிஎஃப், வைரஸ் தடுப்பு நிரல்கள் கேட்காமலே ஒட்டிவிட்டுப் போகும் சமாச்சாரம் அது. ஒவ்வொன்றாக அணைத்துப் பார்க்கலாம்.

கோப்பே கெட்டிருந்தால்தான் தலைவலி. 2012 வாக்கில் கோவையைப் பாடாய்ப்படுத்திய மின்வெட்டு நினைவிருக்கும். மெயில் இறங்கும்போது கரண்ட் போய், யுபிஎஸ்ஸும் கைவிட்டால், பாதி எழுதிய பிஎஸ்டி மறுநாள் திறக்காது. அளவும் ஒரு காரணம்: 2003-க்கு முந்தைய வகைக் கோப்புக்கு 2 ஜிபிதான் எல்லை. 2010 முதல் அது 50 ஜிபி. பார்ட்டி அனுப்பும் படங்களை அழிக்காத ஆபீஸில் அதுவும் ஒருநாள் நிரம்பும்.

கெட்ட கோப்பைச் சரிசெய்யவென்றே எம்எஸ் ஆபீஸ் நிறுவிய ஃபோல்டரில் ஸ்கேன்பிஎஸ்டி என்ற நிரல் இருக்கிறது. காசு கேட்டு விற்கும் 'ரிப்பேர்' மென்பொருள்களைத் தேடுமுன் இதை ஓட்டலாம். ஒருமுறையில் முடியாது, பிழையே இல்லை என்று சொல்லும்வரை திரும்பத் திரும்ப ஓட்டவேண்டும். இடம் தெரியாமல் மீட்ட மெயில்களை 'லாஸ்ட் அண்ட் ஃபவுண்ட்' ஃபோல்டரில் போட்டு வைத்திருக்கும். காணாமல் போன கொட்டேஷனை அங்கேயும் ஒருமுறை தேடிப் பாருங்கள்.