உஷார்! பைலட் பயிற்சியைப் பாதியில் விட்டுச் சொல்லாமல் கிளம்பாதீர்கள்

குரங்கணி, கொட்டகுடி, போடி பக்கத்து ஏலத்தோட்டக் குடும்பங்களுக்கு அவசரமாக ஒரு சேதி. உங்கள் வீட்டுப் பிள்ளை எங்கோ ஒரு ஃப்ளையிங் ஸ்கூலில் இருக்கிறதா? ராத்திரி போன் போட்டு, “முடியலப்பா, திரும்பி வந்துடறேன்” என்று அழுகிறதா? “கிளம்பி வா சாமி” என்று உடனே சொல்லிவிடாதீர்கள். வந்துதான் தீர வேண்டும் என்றால் வரட்டும். ஆனால், யாரிடமும் சொல்லாமல், ஒரு தாள்கூட எழுதி வாங்காமல், பெட்டியைக் கட்டிக்கொண்டு ரயிலேறி வந்துவிடக் கூடாது. 2023 ஜூனில் சென்னை ரயில் போடி வரைக்கும் வந்தபிறகு ஊர் திரும்புவது சுலபமாகிவிட்டது, உண்மைதான். அப்படித் திரும்பிய பிள்ளை மறுபடி காக்பிட்டில் உட்காருவதுதான் சுலபமில்லை.

இந்தப் படிப்பு பாதியில் நிற்பதற்குப் பயமும் பரீட்சையும் காரணமாக இருக்கலாம். நம் பக்கத்தில் பெரிய காரணம் பணம். 2019 ஆகஸ்டில் ஏலக்காய் கிலோ 7,000 ரூபாயைத் தொட்டது. அந்த விலையைப் பார்த்துவிட்டுப் பிள்ளையைச் சேர்க்க எந்த அப்பாவுக்கும் மனசு துணியும். ஆனால், 2022ல் சராசரி விலை ஆயிரத்துக்கும் கீழே கிடந்தது. ஃப்ளையிங் ஸ்கூல் தவணைக்கு இந்த ஏற்ற இறக்கமெல்லாம் தெரியாது. கமர்ஷியல் பைலட் லைசென்ஸ், அதாவது சிபிஎல், வாங்கி முடிக்க அரைக் கோடிக்குக் குறையாது. விமான நிறுவனங்களின் கேடட் திட்டம் என்றால் ஒரு கோடியைத் தாண்டிப் போகும். ஏழரை லட்சத்துக்கு மேல் கல்விக் கடன் என்றால் பொதுவாக வங்கி அடமானம் கேட்கும். நம் ஊரில் அடமானம் என்றால் தோட்டம், இல்லையென்றால் வீடு. படிப்புக் காலம் வரைக்கும், அதற்குமேல் கொஞ்ச நாளைக்கும்தான் வங்கி பொறுத்திருக்கும். பிள்ளை பாதியில் வந்துவிட்டால் அந்தப் பொறுமையின் கணக்கு அன்றைக்கே ஓட ஆரம்பித்துவிடும்.

“பரவாயில்லை, நூற்றிருபது மணி நேரம் பறந்தாச்சு. அது எங்கே போகப்போகுது? காய் விலை ஏறினதும் போய் மிச்சத்தை முடிச்சுக்கலாம்.” பலரும் தடுக்கி விழும் இடம் இதுதான். பறந்த மணி நேரம் காலாவதியாகும்! 1937ஆம் ஆண்டு விமான விதிகளின் இரண்டாம் அட்டவணையை எடுத்துப் பாருங்கள். சிபிஎல் கேட்டு விண்ணப்பிக்கும் நாளுக்கு முந்தைய ஐந்து ஆண்டுகளுக்குள் 200 மணி நேரம் பறந்திருக்க வேண்டும். அதில் 100 மணி நேரம் தானே கமாண்டராக இருந்து ஓட்டியது. அந்த நூறிலும் 15 மணி நேரம் கடைசி ஆறு மாதத்துக்குள் ஓட்டியதாக இருக்க வேண்டும். ஆக, மூன்று வருடம் ‘கொஞ்சம் பொறுத்துப் பார்ப்போம்’ என்று வீட்டில் உட்கார்ந்தால், ஏற்கெனவே படித்த காலமும் இனி படிக்கும் காலமும் சேர்ந்து ஐந்தைத் தாண்டி, முதலில் பறந்த மணிகள் ஒவ்வொன்றாகக் கணக்கிலிருந்து உதிர ஆரம்பிக்கும். ஒரு மணி நேரத்துக்குப் பதினைந்தாயிரம், இருபதாயிரம் என்று கட்டிய காசு அது.

அந்த மணிகளும், பறந்த கணக்கை எழுதும் லாக்புக்கில் பள்ளியின் சீஃப் இன்ஸ்ட்ரக்டர் கையெழுத்து இருந்தால்தான் மணிகள். சண்டை போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டு ஒரு வருடம் கழித்துக் கையெழுத்துக்குப் போய் நின்றால், அந்த இன்ஸ்ட்ரக்டர் வேறு ஊருக்குப் போயிருப்பார். பள்ளியே இழுத்து மூடியிருந்தாலும் ஆச்சரியமில்லை. அடுத்த பள்ளியில் சேரப் போனால் முதலில் கேட்பது முந்தைய பள்ளியின் தடையில்லாச் சான்றும், அதாவது என்ஓசியும், பயிற்சிப் பதிவேடும். இரண்டும் இல்லையென்றால், “எதற்கு அங்கிருந்து வந்தீர்கள்?” என்ற கேள்விக்கு நம் வாய்வார்த்தை மட்டும்தான் சாட்சி. விமானத் துறையில் வாய்வார்த்தைக்கு மதிப்பு கிடையாது.

ஸ்பைசஸ் போர்டு ஏலத்தில் விலை கட்டவில்லை என்று திரும்ப எடுத்த லாட் அடுத்த ஏலத்துக்கு வந்தால், வியாபாரி காயை ஒரு தடவைக்கு இரண்டு தடவை உள்ளங்கையில் உருட்டித்தான் பார்ப்பார். அதற்காக வாங்காமல் போய்விட மாட்டார். பாதியில் விட்ட பைலட்டையும் இன்டர்வியூவில் அப்படித்தான் பார்ப்பார்கள். அப்பாவுக்கு உடம்பு சரியில்லை, பணம் புரளவில்லை, பள்ளியில் பறக்க விமானமே இல்லாமல் எட்டு மாதம் தரையில் உட்கார வைத்தார்கள் என்பதெல்லாம் சொல்லக்கூடிய காரணங்கள். கடிதம் இருந்தால் கேட்டுக்கொண்டு நகர்ந்துவிடுவார்கள். ஒருமுறை தனியாகப் பறக்கும் சோலோவில் தடுமாறினேன், பிறகு திருத்திக்கொண்டேன் என்று சொன்னாலும் காது கொடுப்பார்கள். அவர்கள் மன்னிக்காதது மறைப்பதைத்தான்.

ஏன் அவ்வளவு கடுமை என்று கேட்பவர்கள் இதைப் படியுங்கள். 2019 பிப்ரவரி 23. மயாமியிலிருந்து ஹூஸ்டனுக்கு அமேசான் சரக்கோடு வந்த அட்லஸ் ஏர் 3591, போயிங் 767 விமானம், டெக்சாஸின் டிரினிட்டி விரிகுடாவில் போய் விழுந்தது. உள்ளே இருந்த மூன்று பேரும் செத்தார்கள். விமானம் நன்றாகத்தான் இருந்தது. கை தவறி ஒரு விசை அழுந்தி எஞ்சின் வேகம் கூடியதும், ஃபர்ஸ்ட் ஆபீசர் திசை உணர்வு குழம்பி மூக்கைக் கீழே அழுத்திவிட்டார். அமெரிக்க விசாரணை வாரியம் அவருடைய பழைய வரலாற்றைத் தோண்டியது. முன்பு இரண்டு நிறுவனங்களில் பயிற்சியை முடிக்காமல் விலகியவர் அவர். அட்லஸ் ஏருக்குத் தந்த விண்ணப்பத்தில் அந்த இரண்டு வேலையையும் எழுதவே இல்லை. பயிற்சித் தோல்விகளை வேண்டுமென்றே மறைத்தார் என்று வாரியம் 2020ல் எழுதிவைத்தது.

அந்த விபத்துக்குப் பத்து வருடம் முன்பே, 2009ல் அமெரிக்காவின் பஃபலோ அருகே கோல்கன் ஏர் விமானம் விழுந்து 50 பேர் இறந்தபோது, அந்தக் கேப்டனின் பழைய தேர்வுத் தோல்விகளும் நிறுவனத்துக்கு முழுசாகத் தெரிந்திருக்கவில்லை. எல்லா விமானிகளின் பதிவையும் ஒரே இடத்தில் திரட்ட வேண்டும் என்று 2010ல் சட்டம் போட்டார்கள். அதற்கான விதி வந்ததோ 2021ல்தான். (தாமதம் நம் ஊருக்கு மட்டும் சொந்தமில்லை போலிருக்கிறது.) இன்று அங்கே வேலை தரும் நிறுவனம், பழைய நிறுவனங்களில் பெற்ற பயிற்சி, கோட்டைவிட்ட தேர்வு, விலகிய விவரம் எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் பார்த்துவிட்டுத்தான் ஆளை உள்ளே விடுகிறது.

‘அது அமெரிக்கா’ என்று தள்ளிவிட வேண்டாம். 2011ல் கோவாவில் ஒரு விமானம் மூக்குச் சக்கரம் முதலில் தரையில் பட இறங்கியது. அந்தப் பைலட்டின் பழைய தாள்களை எடுத்துப் பார்த்தால் மதிப்பெண் பட்டியல் போலி! அதிலிருந்து நம் நாட்டு விமானத் துறைக் கட்டுப்பாட்டு அமைப்பான டிஜிசிஏ உரிமங்களை ஒவ்வொன்றாகத் துருவ ஆரம்பிக்க, பலர் கைதானார்கள். பறக்காத மணிகளைப் பறந்ததாக லாக்புக்கில் எழுதித் தந்த பள்ளிகளும் மாட்டின. விட்டுப்போன மணிகளை ‘அட்ஜஸ்ட்’ பண்ணித் தருகிறேன் என்று யாராவது உங்கள் திண்ணையில் வந்து உட்கார்ந்தால், டம்ளரில் காப்பிகூட ஊற்றாமல் அனுப்பிவிடுங்கள்.

லைசென்ஸ் வாங்கி, வேலையிலும் சேர்ந்தபிறகு பாதியில் கிளம்புவது வேறொரு வம்பு. ஏர்பஸ், போயிங் ஓட்ட டைப் ரேட்டிங் பயிற்சி தரும்போது இத்தனை காலம் வேலையை விடமாட்டேன், விட்டால் பணம் கட்டுவேன் என்று நிறுவனம் பாண்டு எழுதி வாங்கும். வேலையை விடுவதாக இருந்தால் ஃபர்ஸ்ட் ஆபீசர் ஆறு மாதம், கேப்டன் ஒரு வருடம் முன்னறிவிப்பு தர வேண்டும் என்பது டிஜிசிஏ 2017ல் போட்ட விதி. பழைய நிறுவனத்தின் என்ஓசி இல்லாமல் புதிய நிறுவனம் சேர்க்கத் தயங்கும். 2023ல் ஆகாசா ஏரிலிருந்து 43 பைலட்கள் முன்னறிவிப்புக் காலத்தை முடிக்காமல் போனார்கள். விமானங்கள் ரத்தாகின, நிறுவனம் மும்பை, டெல்லி உயர் நீதிமன்றங்களின் படியேறியது. ‘பாண்டெல்லாம் கோர்ட்டில் நிற்காது’ என்று டீக்கடையில் சட்டம் பேசுபவர்கள், விஜயா வங்கி வழக்கில் 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் சொன்னதைப் படிக்கட்டும். மூன்று வருடம் முடியாமல் விட்டால் இரண்டு லட்சம் கட்ட வேண்டும் என்ற நிபந்தனை செல்லும் என்று தீர்ப்பாகியிருக்கிறது. அது வங்கி வேலைதான். ஆனாலும், வெற்றுத் தாள் என்று நினைத்துப் பாண்டில் கையெழுத்துப் போடாதீர்கள். தொகை, காலம், பயிற்சி முடியும் முன்பே விலகினால் என்ன என்ற வரி, மூன்றையும் ஒரு வக்கீலிடம் காட்டுங்கள்.

வெளிநாட்டுக்கு அனுப்பியவர்களுக்கு ஒரு வார்த்தை. அமெரிக்காவில் தொழிற்பயிற்சி மாணவர்களுக்கான எம்-1 விசாவில் படிக்கும் பிள்ளை, முதல் ஆறு மாதம் கழிந்தபின் நினைத்தபடி பள்ளி மாற முடியாது. வகுப்புக்குப் போவதை நிறுத்தினால் விசாத் தகுதியும் போகும். பிறகு வேறு விசாவுக்கு விண்ணப்பிக்கும்போதும், விசா விதியை மீறினீர்களா என்ற கேள்வி துரத்தலாம்.

இனிமேல்தான் சேர்க்கப்போகிறீர்களா? பணம் கட்டும் முன்பே டிஜிசிஏ கிளாஸ் 1 மெடிக்கலை முடித்துவிடுங்கள். பாதித் தோட்டத்தை விற்றுக் கட்டியபிறகு கண்ணில் நிறக்குருடு என்று தெரிந்து திரும்புவது கொடுமை. மொத்தத் தொகையையும் முன்கூட்டிக் கட்டச் சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். பறக்கப் பறக்கக் கட்டுகிறோம் என்று சொல்லுங்கள். பாதியில் விலகினால் எவ்வளவு திரும்பும், எத்தனை நாளில் திரும்பும் என்று எழுத்தில் கேளுங்கள். டிஜிசிஏ 2025ல் முதன்முறையாக ஃப்ளையிங் ஸ்கூல்களுக்குத் தரவரிசை போட்டது. அந்த முதல் பட்டியலில், மேலே உள்ள இரண்டு தரத்திலும் நாட்டில் ஒரு பள்ளிகூட வரவில்லை! ஏஜென்ட் காட்டும் வழவழப்பான புத்தகத்தை மூடிவைத்துவிட்டு அந்தப் பட்டியலைப் பாருங்கள்.

ஏற்கெனவே படித்துக்கொண்டிருக்கும் பிள்ளைக்கு இன்று ராத்திரியே போன் போடுங்கள். லாக்புக்கின் ஒவ்வொரு பக்கத்தையும் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள். கையெழுத்து விட்டுப்போன பக்கம் இருந்தால் நாளைக்கே வாங்கிவிடட்டும். விலகியே தீர வேண்டும் என்றால், காரணத்தை எழுதிக் கடிதம் கொடுத்து, பெற்றதற்குப் பள்ளி முத்திரை வாங்கி, என்ஓசியும் பயிற்சிப் பதிவேடும் கையில் வந்தபிறகே பெட்டியைக் கட்டச் சொல்லுங்கள்.