ஷட்டர் ரேட் ஏறுதாம்: இப்பவே மாத்தணுமா, பொறுக்கலாமா?

(எபிசோடில் பேசியதைப் படிக்க வசதியாகத் தொகுத்திருக்கிறோம்.)

இன்னைக்கு எபிசோட் ரோலிங் ஷட்டர் பத்தி. சிரிக்காதீங்க. அப்பாவோட கடை, மாமாவோட மெடிக்கல் ஷாப், நீங்க புதுசா வாடகைக்கு எடுத்த பிரிண்டிங் யூனிட், வீட்டுக்குக் கீழ இருக்கிற கார் ஷெட், எதுவா இருந்தாலும் ராத்திரி நிம்மதியா தூங்கப் போறது அந்த ஒரு தகரத்தை நம்பித்தான். அது துருப்பிடிச்சு, தூக்க ரெண்டு ஆள் வேணும்னு ஆனதும் ஒர்க்‌ஷாப்ல போய்க் கேக்குறோம். வர்ற பதில் இதுதான்: "இரும்பு ரேட் ஏறிக்கிட்டே இருக்கு தம்பி. இந்த வாரம் அட்வான்ஸ் குடுத்தா இந்த ரேட்."

அது நிஜமா, நம்மை அவசரப்படுத்துற பேச்சா? ரெண்டுமே இருக்கலாம். அதைப் பிரிச்சுப் பாக்கத்தான் இந்த எபிசோட்.

இரும்பு விலை எப்படி ஏறுது?

ஷட்டர் பட்டை பெரும்பாலும் ஜி.ஐ. தகடு, அதாவது துத்தநாகம் பூசின இரும்புத் தகடுலதான் வருது. அதனால உலக இரும்புச் சந்தையில் நடக்கிறது கொஞ்ச நாள்லயே அம்பத்தூர் ஒர்க்‌ஷாப்புக்கும் வந்து சேரும்.

விலை ஏற்றம்னு சொல்றோமே, அதில் ரெண்டு வகை இருக்கு. ஒண்ணு, சந்தை அலை. 2020 லாக்டவுனுக்கு அப்புறம் இரும்பு விலை ஏற ஆரம்பிச்சு, 2022 ஏப்ரல் வரைக்கும் மேலேயே இருந்தது. இனிமே இறங்கவே இறங்காதுன்னு நினைச்சவங்க நிறைய பேர். 2022 மே மாசம் மத்திய அரசு பல இரும்புப் பொருட்கள் மேல 15% ஏற்றுமதி வரி போட்டது. உள்நாட்டு விலை சடசடன்னு இறங்குச்சு. நவம்பர்ல அந்த வரியை எடுத்துட்டாங்க. உச்சியில் பயந்துபோய் ஆர்டர் குடுத்தவங்களுக்குத்தான் நஷ்டம்.

இன்னொண்ணு, கொள்கையால வர்ற ஏற்றம். 2024-ல சீனா மட்டும் 10 கோடி டன்னுக்கு மேல இரும்பை ஏற்றுமதி பண்ணுச்சு. மலிவா வந்து குவியுற சரக்குலேர்ந்து உள்ளூர் ஆலைகளைக் காப்பாத்த, 2025 ஏப்ரல்ல இந்தியா தகடு வகை இரும்பு இறக்குமதி மேல 12% பாதுகாப்பு வரி போட்டது. துத்தநாகம் பூசின தகடும் அதில் அடக்கம். இந்த மாதிரி வரி ஒரே நாள்ல கரைஞ்சு போற அலை இல்ல. விலைக்கு அடியில ஒரு தாங்கல் மாதிரி நிக்கும்.

ஆக, ஒர்க்‌ஷாப்காரர் "ஏறுது"ன்னு சொன்னா, "எதனால ஏறுதுண்ணே?"ன்னு கேளுங்க. புது வரின்னா காத்திருந்து பெருசா லாபம் இல்ல. சந்தை அலைன்னா சில மாசம் பொறுத்தா இறங்கவும் வாய்ப்பு இருக்கு.

10% ஏறினா நம்ம பில் எவ்வளவு ஏறும்?

இங்கதான் பலரும் தேவைக்கு மேல பயப்படுறோம். ஒரு உதாரணக் கணக்கு. ஜிஎஸ்டிக்கு முன்னாடி 30,000 ரூபாய் கொட்டேஷன்னு வெச்சுக்குவோம். அதில் பாதி, 15,000, இரும்பு. மீதி கூலி, வெல்டிங், பெயின்ட், வண்டி வாடகை, அவரோட லாபம்.

இரும்பு 10% ஏறினா 1,500 ரூபாய் கூடும். 18% ஜிஎஸ்டி சேத்தா 1,770. அதாவது இரும்பு 10% ஏறினா நம்ம பில் ஏறுறது 5%தான்.

இப்போ இந்த 1,770-ஐ மிச்சம் பிடிக்க கிரெடிட் கார்டை தேய்க்கிறோம்னு வைங்க. 30,000 ரூபாயைக் கட்டாம தள்ளிப்போட்டா, மாசம் 3.5% வட்டி 1,050 ரூபாய். அதுக்கு மேல ஜிஎஸ்டி. ரெண்டே மாசத்துல மிச்சம் பிடிச்சதும் போச்சு, அதுக்கு மேலயும் போச்சு. கையில காசு இருந்தா சீக்கிரம் மாத்துறதுல அர்த்தம் இருக்கு. கடன் வாங்கி அவசரப்படுறதுல அர்த்தமே இல்ல.

பழைய ஷட்டரை மறந்துடாதீங்க. அதுவும் இரும்புதான். புது இரும்பு ஏறும்போது பழைய இரும்புக்கும் பொதுவா நல்ல விலை கிடைக்கும். கழட்டினதுல 80 கிலோ தேறி, கிலோ 30 ரூபாய்னு போனா 2,400 ரூபாய். "பழசை நாங்களே எடுத்துக்கிறோம்"னு பலர் சும்மா ஏத்திட்டுப் போயிடுவாங்க. எடை போட்டு பில்லுல கழிக்கச் சொல்லுங்க.

ஏறாத ரேட்டில் ஒளிஞ்சிருக்கிற ஏற்றம்

விலை ஏறுற காலத்துல ரேட்டை ஏத்தாத ஆளைத்தான் நான் கூடுதலா விசாரிப்பேன். ஏன்னா பட்டையோட தடிமனைக் குறைச்சுட்டா ரேட் அப்படியே நிக்கும்.

கேஜ் கணக்கு தலைகீழானது. நம்பர் கூடக் கூட தகடு மெலிசாகும். 18 கேஜ் சுமார் 1.2 மி.மீ., 20 கேஜ் சுமார் 0.9, 22 கேஜ் சுமார் 0.7. பேசினது 18, போட்டது 20-ன்னா, இரும்புல நாலில் ஒரு பங்கு காணாமப் போச்சு. 10% விலை ஏற்றத்துக்குப் பயந்து ஓடி, 25% இரும்பைக் கோட்டை விட்ட கதைதான். அந்த மெலிசான பட்டை ஒரு கடப்பாரைக்குக்கூடத் தாங்காது.

அதனால கொட்டேஷன்ல கேஜ் நம்பர் மட்டும் போதாது, மில்லிமீட்டர்லயும் எழுதி வாங்குங்க. பெயின்ட் அடிக்கிறதுக்கு முன்னாடி வெர்னியர் வெச்சு அளந்து பாருங்க. ஷட்டருக்குன்னே ஐ.எஸ். 6248-னு ஒரு இந்தியத் தரநிலை இருக்கு. அதைச் சொல்லிக் கேட்டாலே பேச்சோட தோரணை மாறும். இன்னொரு விஷயம், மேல சுருளுற பகுதிக்கும் சேத்து சதுர அடி கணக்குப் போடுவாங்க. அந்த உயரம் எவ்வளவுன்னு முன்னாடியே பேசிக்குங்க.

எதை ஒத்திப்போடலாம், எதைக் கூடாது?

முழுசா மாத்தணுமான்னு முதல்ல பாருங்க. மழைத்தண்ணி தேங்கி பெரும்பாலும் அழுகுறது கீழ இருக்கிற சில பட்டைகள்தான். அதை மட்டும் மாத்தலாம். சைடு சேனல் நெளிஞ்சிருந்தா அதையும் தனியா சரி பண்ணலாம். அப்படிச் சரி பண்ணிட்டு விலை இறங்குதான்னு பாக்குறதுல தப்பில்ல.

ஸ்பிரிங் விஷயம் அப்படி இல்ல. பத்தடி அகலம், ஒன்பதடி உயரம், 18 கேஜ் பட்டைன்னா ஷட்டர் எடை 100 கிலோ பக்கம் வரும். அதை ஒரு கையால தூக்க முடியுறது மேல பைப்போட சுத்தியிருக்கிற ஸ்பிரிங்குகளால. ஷட்டர் திடீர்னு கனமாச்சுன்னா, பாதியில நிக்காம கீழ வழுக்குச்சுன்னா, "டங்"னு சத்தம் கேட்டுச்சுன்னா, ஸ்பிரிங் போயிருச்சு இல்ல போகப்போகுதுன்னு அர்த்தம். அந்த எடை கீழ நிக்கிற ஆள் தலையில இறங்கும். காலையில ஷட்டரைத் தூக்குறது பெரும்பாலும் அப்பா, இல்லன்னா வேலைக்கு வர்ற பையன். இதுக்கு விலை இறங்கட்டும்னு காத்திருக்கவே கூடாது. நீங்களே கழட்டவும் கூடாது. முறுக்குல இருக்கிற ஸ்பிரிங் விடுபட்டா கையை உடைச்சிரும்.

எந்த மாசம்?

சென்னையில ஐப்பசி, கார்த்திகை மழையில வெல்டிங் வேலை இழுக்கும். தீபாவளிக்கு முன்னாடி கடையை ஒரு நாள் மூடினா, ஷட்டர்ல மிச்சம் பிடிக்கிற காசு வியாபாரத்துல போயிடும். தை பிறந்தா புதுக்கடை திறப்பு விழாக்கள், ஒர்க்‌ஷாப்ல கூட்டம். ஆடியில புதுசா எதையும் தொடங்காம இருக்கிற வழக்கத்தால, பொதுவா ஷட்டர் வேலை கொஞ்சம் ஓய்வா இருக்கும். மழைக்கும் முன்னாடி. கூலியில பேரம் பேச அதுதான் நல்ல நேரம். இரும்பு விலை நம்ம கையில இல்ல. கூலி நம்ம பேச்சுல இருக்கு.

கடைசியா, ஆர்டர் குடுக்கும்போது கொட்டேஷன்ல நாலு விஷயம் இருக்கணும்: தடிமன், மொத்த சதுர அடி, இந்த ரேட் எத்தனை நாளைக்குச் செல்லும், அட்வான்ஸ் குடுத்த அப்புறம் இரும்பு ஏறினாலும் ரேட் மாறாதுங்கிற ஒரு வரி. அந்த வரியை எழுதித் தர முடியாதுன்னு சொன்னா, "இந்த வாரம் மட்டும்"ங்கிற பேச்சுக்கு நீங்க அவசரப்பட வேண்டிய அவசியமே இல்ல.

அடுத்த எபிசோட்ல பாப்போம்.