ஆமைக்கு இராக்காவல்!

மத்திய அமெரிக்காவில் கோஸ்டா ரிக்கா என்று ஒரு சிறிய நாடு. அங்குள்ள கடற்கரைக் கிராமம் டோர்டுகேரோ. பச்சை ஆமைகள் இரவில் கரையேறி, மணலில் குழி தோண்டி, சுமார் 100 முட்டைகள் இடும்.

முன்பு, முட்டையிட வந்த ஆமைகளை மல்லாக்கத் தள்ளி, இறைச்சிக்காகப் பிடித்துச் சென்றார்கள். முட்டைகளையும் விடவில்லை.

எந்த ஆமை திரும்பி வருகிறது என்று அறிய, 1955-ல் அமெரிக்கப் பேராசிரியர் ஆர்ச்சி கார் அவற்றின் துடுப்பில் தகடு மாட்டத் தொடங்கினார். இன்று பல நாட்டுத் தொண்டர்கள் சொந்தச் செலவில் வந்து அந்த வேலையைச் செய்கிறார்கள்.

கறுப்பு உடை அணிந்து, இருட்டில் மணிக்கணக்காக நடக்கவேண்டும். வெளிச்சம் கண்டால் ஆமை கடலுக்கே திரும்பிவிடும்!

கிராமத்தாரும் மாறிவிட்டார்கள். ஆமையைக் கொன்று பிழைத்த ஊர், இன்று வெளியூராருக்கு ஆமையைக் காட்டிப் பிழைக்கிறது!