எட்டாவது முடிந்தது, இனி எந்தப் பள்ளி?

மும்பையில் பள்ளிக்கூடங்கள் ஜூன் மாத நடுவில் திறக்கின்றன. மழையும் ஏறக்குறைய அதே வாரத்தில்தான் பிடிக்கும். கோயில் கொடை, கல்யாணம், காதுகுத்து என்று ஊருக்குப் போன குடும்பங்கள் மூட்டை முடிச்சுகளுடன் ரெயிலில் திரும்புவதும் அந்த நாட்களில்தான். இந்த அவசரத்தில் ஒரு பெரிய காரியம் பல வீடுகளில் கவனிப்பார் இல்லாமல் போய்விடுகிறது. பிள்ளை சின்னப் பள்ளியை விட்டுப் பெரிய பள்ளிக்குப் போகும் காரியம் அது.

மும்பை மாநகராட்சி எட்டு மொழிகளில் பள்ளிகள் நடத்துகிறது. அவற்றில் தமிழும் ஒன்று. தாராவியிலும் மற்றத் தமிழர் பகுதிகளிலும் கூலி வேலை செய்வோரின் பிள்ளைகள் அகரம் பழகியது இந்தப் பள்ளிகளில்தான். ஆனால் இவற்றில் பல 7-ம் வகுப்போடு அல்லது 8-ம் வகுப்போடு நின்றுவிடும். அதற்கு மேல் தமிழ் வழியில் படிக்க இடம் கிடைப்பது அரிது. ஆங்கில வழிக்குப் போக வேண்டும். இல்லாவிட்டால் இந்தி, மராத்தி வழி. ஒரே நாளில் பள்ளி மாறுகிறது, பாட மொழி மாறுகிறது, பக்கத்தில் உட்கார்ந்திருந்த கூட்டாளியும் மாறிவிடுகிறான்.

எட்டாவதில் வகுப்புக்கே முதலாவதாக வந்த பெண், ஒன்பதாவதில் வாய் திறக்காமல் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருப்பதை ஆசிரியர்கள் ஆண்டுதோறும் பார்க்கிறார்கள். அவளுக்குக் கணக்கு தெரியாமல் இல்லை. பின்னம் தெரியும், 'பிராக்‌ஷன்' என்றால் தெரியாது. விகிதம் தெரியும், 'ரேஷியோ' என்றால் விழிப்பாள். கேட்டால் மற்றப் பிள்ளைகள் சிரிப்பார்களோ என்று கேட்கவும் மாட்டாள். இரண்டு மாதத்தில் 'எனக்குப் படிப்பு வராது' என்று வீட்டில் வந்து சொல்லுவாள். பெற்றோரும் அதை நம்பிவிடுகிறார்கள். அதுதான் கொடுமை.

ஒன்பதாவதில் இருக்கும் கண்டம்

பத்தாவதுதான் பெரிய பரீட்சை, அதற்கு இன்னும் ஒரு வருஷம் இருக்கிறது என்று பல தகப்பனார்கள் நினைக்கிறார்கள். உண்மையில் கண்டம் ஒன்பதாவதில்தான் இருக்கிறது.

கட்டாயக் கல்விச் சட்டம் (2009) 6 முதல் 14 வயது வரை, அதாவது 8-ம் வகுப்பு வரைதான் காப்பு. இந்தச் சட்டத்தின் 25 சதவீத ஒதுக்கீட்டில் தனியார் பள்ளியில் இலவசமாகப் படிக்கும் பிள்ளைக்கு 9-ம் வகுப்பில் சலுகை முடிந்துவிடும். அதன்பிறகு முழுக் கட்டணம் கேட்பார்கள். எட்டு வருஷம் காசு கட்டாமல் இருந்த வீட்டில் இது இடி விழுந்த மாதிரி இருக்கும். எட்டாவது படிக்கும்போதே அந்தப் பள்ளியின் ஒன்பதாவது கட்டணம் எவ்வளவு என்று கேட்டு வைத்துக்கொள்வது நல்லது.

இன்னொன்று, பத்தாவதில் தேர்ச்சி விகிதம் குறையக்கூடாது என்பதற்காக, தட்டுத் தடுமாறும் பிள்ளைகளை ஒன்பதாவதிலேயே நிறுத்திவிடும் பழக்கம் சில பள்ளிகளில் உண்டு. '17-ம் நம்பர் பாரம் போட்டு வெளியிலிருந்து எழுதட்டும்' என்று சொல்லி அனுப்பிவிடுவார்கள். தனித்தேர்வராக எஸ்.எஸ்.சி. எழுதும் அந்த வழி சட்டப்படி உள்ளதுதான். வேலைக்குப் போய்விட்ட வாலிபருக்கு அது வரப்பிரசாதம். 14 வயதுப் பிள்ளைக்கு அது பெரும்பாலும் படிப்பை நிறுத்தும் வழியாகவே முடிகிறது. பள்ளியில் அப்படிச் சொன்னால் உடனே கையெழுத்துப் போட்டுவிடாமல், தலைமையாசிரியரைப் பார்த்துப் பேச வேண்டும்.

எல்.சி.யும் பெயரும்

தமிழ்நாட்டில் டி.சி. என்பதை இங்கே எல்.சி. என்கிறார்கள். 7-ம் வகுப்போடு நிற்கும் பள்ளியிலிருந்து 8-ம் வகுப்புக்கு வேறு பள்ளி மாறும் பிள்ளைக்குத் தலைமையாசிரியர் உடனே மாற்றுச் சான்று கொடுக்க வேண்டும் என்பது சட்டம். சான்று வரத் தாமதமானால் அதைக் காரணம் காட்டிச் சேர்க்க மறுக்கவும் கூடாது. ஒன்பதாவதில் சேரும்போது இந்தச் சட்டத்தைப் பிடித்துக்கொள்ள முடியாது. ஆகையால் ஊருக்குப் போகும் முன்பே, ஏப்ரல் கடைசியிலேயே எல்.சி.க்கு எழுதிக் கொடுத்துவிட வேண்டும்.

வாங்கியவுடன் படித்துப் பார்ப்பது முக்கியம். தமிழ்க் குடும்பங்களுக்கென்றே உள்ள தொல்லை இதில்தான் இருக்கிறது. ஊரில் 'செ. முருகன்' என்றால் போதும். மகாராஷ்டிராவில் பிள்ளையின் பெயர், தகப்பனார் பெயர், பிறகு 'ஆட்நாவ்' என்கிற குடும்பப் பெயர் என்று மூன்று கட்டம் போட்டிருப்பார்கள். நமக்கு ஏது குடும்பப் பெயர்? முதல் வகுப்பில் சேர்க்கும்போது குமாஸ்தா கேட்ட கேள்விக்கு ஒருவர் சாதிப் பெயரைச் சொல்லியிருப்பார், ஒருவர் ஊர்ப் பெயரைச் சொல்லியிருப்பார், ஒருவர் தாத்தா பெயரைச் சொல்லியிருப்பார். அண்ணனுக்கு ஒன்று, தங்கைக்கு ஒன்று என்று எழுதியிருக்கும் வீடுகளும் உண்டு. ஆதார் அட்டையிலோ வெறும் இனிஷியல்.

பள்ளிப் பதிவேட்டில் உள்ள பெயரும் பிறந்த தேதியும்தான் பத்தாவது சான்றிதழில் ஏறும். தாயார் பெயரும் அதில் வரும். வேலை, பாஸ்போர்ட், பி.எப். என்று எல்லாவற்றுக்கும் பிற்பாடு அந்தச் சான்றிதழைத்தான் கேட்பார்கள். பிள்ளை பள்ளியில் இருக்கும்போதே திருத்துவது எளிது. பத்தாவது முடித்துப் போன பிறகு திருத்த நடையாய் நடக்க வேண்டும். புதுப் பள்ளியில் சேரும் நாளன்று பிறப்புச் சான்று, ஆதார், எல்.சி. மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எழுத்துக்கு எழுத்து பார்ப்பதற்கு அரை மணி நேரம் போதும்.

சாதிச் சான்று பற்றியும் ஒரு வார்த்தை. மகாராஷ்டிர அரசின் சலுகைகளுக்குத் தாழ்த்தப்பட்டோர் 10-8-1950-க்கு முன்பும், பிற்பட்டோர் 13-10-1967-க்கு முன்பும் குடும்பம் இங்கே இருந்ததைக் காட்ட வேண்டும். பாட்டனார் காலத்து ஆலைச் சீட்டு, ரேஷன் கார்டு, பழைய பள்ளிப் பதிவு எதையும் பழைய பேப்பர்காரனுக்குப் போட்டுவிட வேண்டாம்.

கைவிடக்கூடாத உதவிப் பணம்

எட்டாவதிலேயே எழுத வேண்டிய ஒரு பரீட்சை இருக்கிறது. என்.எம்.எம்.எஸ். என்று பெயர். மத்திய அரசு நடத்தும் உதவித்தொகைத் திட்டம். தேறினால் 9 முதல் 12-ம் வகுப்பு வரை வருஷத்துக்கு 12,000 ரூபாய் பிள்ளையின் கணக்கில் சேரும். குடும்ப வருமானம் ஆண்டுக்கு மூன்றரை லட்ச ரூபாய்க்கு மேல் இருக்கக்கூடாது. அரசு, மாநகராட்சி, அரசு உதவி பெறும் பள்ளிப் பிள்ளைகளுக்கு மட்டும்தான் இது. ஒன்பதாவதில் உதவி பெறாத தனியார் பள்ளிக்கு மாறினால் பணம் நின்றுவிடும். பக்கத்து வீட்டுக்காரர் சேர்த்தார் என்று பெயர்ப் பலகையைப் பார்த்துப் பள்ளி மாற்றுகிறவர்கள் இந்த 48,000 ரூபாயையும் கணக்கில் வைக்க வேண்டும்.

ஊருக்கு அனுப்பலாமா?

'இங்கே இருந்தால் கெட்டுப்போவான், ஆச்சி வீட்டில் இருந்து படிக்கட்டும்' என்று ஒன்பதாவதில் ஊருக்கு அனுப்பும் வழக்கம் இன்னும் உண்டு. பெண் பிள்ளையானால், பெரியவள் ஆனதும் இந்தப் பேச்சு தானாக எழும். பத்துக்குப் பத்து அறையில், பொதுக் கழிப்பறையை நம்பி இருக்கும் குடும்பத்தின் கவலையைக் குறை சொல்வதற்கில்லை. ஆனால் அனுப்புவதாக இருந்தால் கணக்குப் பார்த்து அனுப்ப வேண்டும்.

தமிழ்நாட்டில் மருத்துவப் படிப்புக்கு அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு 2020-ல் வந்த 7.5 சதவீத ஒதுக்கீடு, 6-ம் வகுப்பு முதல் 12 வரை அங்கே படித்தவர்களுக்கு. 2022-ல் கல்லூரிப் பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் தரத் தொடங்கிய திட்டத்துக்கும் 6 முதல் 12 வரை என்றே விதி வகுத்தார்கள். ஒன்பதாவதில் போகும் பிள்ளைக்கு இவை கிடைக்காது. மறுபக்கம், மகாராஷ்டிராவில் மாநில ஒதுக்கீட்டில் மருத்துவம் படிக்க 10-ம் வகுப்பும் 12-ம் வகுப்பும் இங்கே முடித்திருக்க வேண்டும். ஆக, அரைகுறையாக இடையில் மாற்றினால் அங்கும் இல்லை இங்கும் இல்லை என்று ஆகிவிடும். அனுப்புவதானால் ஐந்தாவது முடிந்ததும் அனுப்பிவிட வேண்டும். அதைத் தவறவிட்டால் பன்னிரண்டு வரை இங்கேயே வைத்துக்கொள்வதே மேல்.

பிள்ளையின் மனதையும் கேட்க வேண்டும். பதினாலு வயதில் அம்மாவைப் பிரிந்து, வருஷத்துக்கு ஒரு தடவை பார்த்த ஊரில், 'பாம்பேக்காரி' என்று கேலி செய்யும் வகுப்பில் உட்காருவது லேசான காரியம் இல்லை.

வீட்டில் செய்யக்கூடியது

'எனக்கு இங்கிலீஷ் தெரியாது, நான் என்ன சொல்லிக் கொடுப்பேன்?' என்று தாய்மார்கள் கேட்பது வழக்கம். பாடம் சொல்லிக் கொடுக்கத் தேவையே இல்லை. ஒரு நோட்டுப் புத்தகத்தை நடுவில் கோடு போட்டு, இடப்பக்கம் தமிழ்ச் சொல், வலப்பக்கம் ஆங்கிலச் சொல் என்று மே மாதம் முழுவதும் தினம் பத்துச் சொல் எழுத வைத்தால் முந்நூறு சொல் சேரும். முக்கோணம், வேகம், வெப்பம், அரசியல் சட்டம் என்று ஏற்கனவே தெரிந்த விஷயங்களுக்கு இன்னொரு பெயர், அவ்வளவுதான். புனேயில் உள்ள பாலபாரதி நிறுவனத்தின் பாடப் புத்தகங்களைச் செல்போனிலேயே இலவசமாகப் பார்க்கலாம். ஒன்பதாவதில் கணக்கு இரண்டு புத்தகமாக வரும். அல்ஜீப்ரா ஒன்று, ஜியாமெட்ரி ஒன்று. அதை முதல் நாளே பார்த்துப் பயப்படுவதைவிட மே மாதத்திலேயே புரட்டிப் பார்த்துவிட்டால் பயம் பாதி போய்விடும்.

மராத்தி தனிக் கதை. 2020-ல் வந்த சட்டப்படி மகாராஷ்டிராவில் எல்லாப் பள்ளியிலும் மராத்தி கட்டாயம். தமிழ்ப் பிள்ளைக்குத் தெருவில் பேசும் மராத்தி தண்ணீர்பட்ட பாடு. எழுதும்போதுதான் நான்கு 'க'வும் குழப்பும். சத்தம் போட்டு வாசிக்கச் சொன்னால் தாயாருக்குப் பொருள் புரியாவிட்டாலும், திக்கும் இடம் காதுக்குத் தெரிந்துவிடும்.

அடுத்தது செல்போன். வகுப்பு ஆசிரியர் வாட்ஸ்ஆப்பில் ஆங்கிலத்திலோ மராத்தியிலோ எழுதி அனுப்புவார். அதைப் படித்துச் சொல்வது அந்தப் பிள்ளைதான்! மார்க் குறைந்த செய்தியை எந்தப் பிள்ளை முழுதாகப் படித்துக் காட்டும்? வாரம் ஒரு முறை பக்கத்து வீட்டில் ஆபீஸ் வேலை பார்க்கும் அண்ணாச்சியிடம் காட்டிப் படிக்கச் சொல்வதில் வெட்கம் ஒன்றும் இல்லை. குமாஸ்தா வேலையில் இருப்பவர்களும் தங்கள் சாலில் உள்ள நாலு வீட்டுக்கு இந்த உதவியைச் செய்யலாம். ஞாயிற்றுக்கிழமை கால்மணி நேர வேலை.

பல பள்ளிகளில் காலை ஷிப்டு, மதிய ஷிப்டு உண்டு. பிள்ளை மதியப் பள்ளிக்குப் போனால் காலை முழுவதும் வீட்டில் தனியாக இருப்பான். அப்பாவும் அம்மாவும் வேலையில். எந்த ஷிப்டு என்று கேட்காமல் சேர்த்துவிட்டுப் பிறகு தவிப்பவர்கள் அநேகம். இந்த வயதுப் பிள்ளைகளுக்கு எட்டு மணி நேரமாவது தூக்கம் வேண்டும் என்று மருத்துவர்கள் சொல்கிறார்கள். இரவு பதினோரு மணி வரை டி.வி. ஓடும் ஒற்றை அறையில் காலை ஷிப்டுப் பிள்ளைக்கு அந்தத் தூக்கம் கிடைக்காது. சத்தத்தைக் குறைத்தால் போதாது, அணைக்கத்தான் வேண்டும்.

முதல் தடவையாக லோக்கல் ரெயிலில் தனியாகப் போகும் பிள்ளை என்றால், பள்ளி திறப்பதற்கு முன் இரண்டு நாள் கூடவே போய் வர வேண்டும். எந்தப் பிளாட்பாரம், எந்தப் பாலம், மழையில் தண்டவாளத்தில் தண்ணீர் நின்று வண்டி ஓடாவிட்டால் யார் வீட்டில் போய் உட்கார வேண்டும் என்று சொல்லி வைக்க வேண்டும். அம்மாவின் போன் நம்பர் மனப்பாடம் ஆகட்டும். செல்போன் நனைந்துபோனால் நம்பரும் போச்சு.

தீபாவளி விடுமுறைக்கு முன்னால் முதல் பருவத் தேர்வு வரும். அதுவரை காத்திராமல் ஆகஸ்டு மாதத்திலேயே ஒரு நாள் அரை நாள் சம்பளம் போனாலும் பரவாயில்லை என்று பள்ளிக்குப் போய் வகுப்பு ஆசிரியரைப் பார்க்க வேண்டும். மார்க் எவ்வளவு என்று கேட்பதற்கு முன், 'என் பிள்ளை வகுப்பில் பேசுகிறாளா? மதியம் யாரோடு உட்கார்ந்து சாப்பிடுகிறாள்?' என்று கேட்கலாம். இந்தியில் கேட்டாலும் ஆசிரியருக்குப் புரியும்.